ஈ.ஈ.ஓ. புகாரைத் துறை தள்ளுபடி செய்துவிட்டதா? அமெரிக்க ஃபெடரல் ஊழியர்களுக்கான கேள்வி பதில்

அமெரிக்க ஃபெடரல் துறை ஒன்றில் வேலை பார்க்கிறீர்கள். பாகுபாடு நடந்தது என்று ஈ.ஈ.ஓ. (சம வேலைவாய்ப்பு) ஆலோசகரிடம் பேசி, அப்புறம் முறைப்படி புகாரும் கொடுத்தீர்கள். விசாரணை தொடங்கும் என்று காத்திருந்தால், புகாரைத் தள்ளுபடி செய்வதாகத் துறையிடமிருந்து கடிதம் வருகிறது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பொதுவான விளக்கம்தான் இது. உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள 'மேல்முறையீட்டு உரிமைகள்' பகுதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தள்ளுபடி என்றால், பாகுபாடு நடக்கவில்லை என்று முடிவு செய்துவிட்டார்களா?

இல்லை. நடந்ததா இல்லையா என்ற கேள்விக்கே அவர்கள் போகவில்லை. 29 சி.எஃப்.ஆர். 1614.107 என்ற விதியில் உள்ள காரணங்களில் ஒன்றைக் காட்டி, 'இந்தப் புகாரை விசாரணைக்கு எடுக்கத் தேவையில்லை' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். தாமதமாக வந்தீர்கள், சட்டம் கவனிக்கிற அளவுக்கு உங்களுக்குப் பாதிப்பு இல்லை, இதே விஷயத்தை வேறு இடத்தில் கொண்டுபோய்விட்டீர்கள் என்பது போன்ற வாசல்படிக் காரணங்கள் அவை.

மேல்முறையீடு எழுதும்போது இது மிகவும் முக்கியம். பலர் தங்களுக்கு நடந்த அவமானத்தை மறுபடியும் முதலிலிருந்து இருபது பக்கம் எழுதி அனுப்புகிறார்கள். துறை காட்டிய காரணத்துக்கு அதில் ஒரு வரி பதில்கூட இருக்காது. படிப்பவர் இரக்கப்படலாம், ஆனால் தள்ளுபடியை ரத்து செய்ய அவர் கையில் எதுவும் இருக்காது.

இது எந்த ஊழியர்களுக்குப் பொருந்தும்?

ஃபெடரல் துறைகளின் சிவிலியன் ஊழியர்கள், வேலைக்கு விண்ணப்பித்தவர்கள், தபால் துறை ஊழியர்கள் ஆகியோருக்கு. ராணுவச் சீருடைப் பணியில் இருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. நாடாளுமன்ற அலுவலகங்களில் இருப்பவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு.

மாநில அரசு, கவுன்டி, நகராட்சி, பொதுப் பள்ளி ஊழியர்கள் கவனிக்கவும்: நீங்களும் அரசு ஊழியர்தான், ஆனால் உங்கள் பாதை தனியார் நிறுவன ஊழியர்களின் பாதை. நேராக, சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் பதிகிறீர்கள். அங்கே அது முடித்துவைக்கப்பட்டால், நோட்டீஸ் கிடைத்த 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். கீழே சொல்லும் மேல்முறையீடு உங்களுக்கு இல்லை.

காண்ட்ராக்டர் மூலம் வேலை செய்பவர் என்றால் 'நீ எங்கள் ஊழியரே இல்லை' என்று துறை தள்ளுபடி செய்யும். அதை எதிர்க்க இடம் உண்டு. உங்கள் அன்றாட வேலையை ஒதுக்குவது, நேரத்தைத் தீர்மானிப்பது, உங்களை அனுப்பிவிடச் சொல்வது எல்லாம் துறை அதிகாரிதான் என்று காட்ட முடிந்தால், துறையும் கூட்டு முதலாளி என்று ஆணையம் ஏற்பதுண்டு.

எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்?

கடிதம் கிடைத்த 30 நாளுக்குள். வேலை நாட்கள் கணக்கில்லை, காலண்டர் நாட்கள். வழக்கறிஞர் வைத்திருந்தால், அவர் கைக்குக் கடிதம் வந்த நாளிலிருந்து கணக்கு. கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது ஃபெடரல் விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள் வரை நீளும். ஜூன் 4-ம் தேதி கடிதம் கிடைத்தால் 30-வது நாள் ஜூலை 4, விடுமுறை. அடுத்த வேலை நாள் வரை செல்லும். ஆனால் அந்த ஒரு நாளை நம்பி உட்கார வேண்டாம்.

கடிதம் மின்னஞ்சலில் வந்ததா, பதிவுத் தபாலில் வந்ததா, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்பதை அன்றைக்கே குறித்துவையுங்கள். கவரைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் தேதிச் சண்டை வந்தால் அந்தத் தபால் முத்திரைதான் உதவும்.

எங்கே, எப்படித் தாக்கல் செய்வது? கட்டணம் உண்டா?

கட்டணம் இல்லை. சம வேலைவாய்ப்பு ஆணையத்தின், அதாவது ஈ.ஈ.ஓ.சி.யின், ஃபெடரல் செயல்பாடுகள் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். படிவம் 573-ஐ நிரப்பி, தள்ளுபடிக் கடிதத்தின் நகலையும் சேர்த்து ஆணையத்தின் இணைய போர்ட்டலில் ஏற்றலாம். தபாலிலும் அனுப்பலாம், முகவரி உங்கள் கடிதத்திலேயே இருக்கும். எது அனுப்பினாலும் துறைக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டும். எந்தத் தேதியில், எந்த வழியில் அனுப்பினீர்கள் என்று ஒரு சான்றுக் குறிப்பும் சேர்க்க வேண்டும்.

வாதங்கள் எல்லாம் தயாராகவில்லையே என்று படிவத்தை நிறுத்திவைக்காதீர்கள். படிவம் போன பிறகு, விளக்க அறிக்கையைத் தாக்கல் செய்ய இன்னொரு 30 நாள் உண்டு.

இதற்கெல்லாம் சொந்த மின்னஞ்சலைப் பயன்படுத்துங்கள். நாளைக்கே வேலை போனால் அலுவலகக் கணக்கு அன்று மாலையே முடங்கிவிடும்.

45 நாளைத் தாண்டிவிட்டது என்று தள்ளுபடி செய்திருக்கிறார்கள். ஏதாவது செய்ய முடியுமா?

தள்ளுபடிக் காரணங்களில் மிகச் சாதாரணமாக வருவது இது. பாகுபாடு நடந்த 45 நாளுக்குள் ஈ.ஈ.ஓ. ஆலோசகரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பது விதி. அது கண்டிப்பானதாகத் தெரிந்தாலும், உள்ளே நிறைய இடம் இருக்கிறது.

முதலில், கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது என்று பாருங்கள். சம்பவம் நடந்த நாளைத் துறை எடுத்திருக்கும். ஆனால் பாகுபாடு இருக்குமோ என்று நியாயமான சந்தேகம் உங்களுக்கு எப்போது வந்திருக்க முடியும் என்பதுதான் ஆணையத்தின் அளவுகோல். பதவி உயர்வு மார்ச்சில் மறுக்கப்பட்டது, யாருக்குக் கொடுத்தார்கள், அவருடைய தகுதி என்ன என்பது ஏப்ரலில்தான் தெரிந்தது என்றால், ஏப்ரலிலிருந்து எண்ண வேண்டும் என்று வாதிடலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு: 'முழு ஆதாரமும் கையில் வரட்டும் என்று காத்திருந்தேன்' என்பது செல்லாது. சந்தேகம் வந்ததுமே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்.

அடுத்து, கணக்கு எந்த நாளில் முடிகிறது? ஆலோசகரோடு உட்கார்ந்து பேசிய நாளைத் துறை எடுத்திருக்கலாம். அதற்கு முன்பே ஈ.ஈ.ஓ. வேலையோடு தொடர்புள்ள அதிகாரி ஒருவரிடம், 'புகார் செய்ய விரும்புகிறேன்' என்ற எண்ணம் தெரியும்படி மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் அந்த நாளே தொடர்புகொண்ட நாள். வெறுமனே மனிதவளப் பிரிவில் குறை சொன்னது பொதுவாகப் போதாது.

மூன்றாவது, இந்தக் கெடு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை என்றால் கெடுவை நீட்டிக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. உங்கள் சக்திக்கு மீறிய சூழ்நிலை, உதாரணமாக மருத்துவமனையில் படுத்திருந்தது, தடுத்திருந்தாலும் அப்படியே. கெடு தெரிந்திருக்க வேண்டும் என்று துறை சொன்னால், அதற்கான ஆதாரத்தைத் துறைதான் காட்ட வேண்டும்: 45 நாள் என்று எழுதிய சுவரொட்டியின் நகல், அது எங்கே ஒட்டப்பட்டிருந்தது என்ற பிரமாண வாக்குமூலம். 'எங்கள் கட்டடத்தில் சுவரொட்டி உண்டு' என்று சும்மா எழுதினால் போதாது. ஒரு எச்சரிக்கை: 2002-ல் வந்த 'நோ ஃபியர்' சட்டப்படி ஊழியர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி தர வேண்டும். நாம் எல்லோரும் கம்ப்யூட்டரில் மளமளவென்று கிளிக் செய்து முடித்த பயிற்சிதான். அதன் சான்றிதழைத் துறை எடுத்து நீட்டும். அது உங்கள் கோப்பில் இருந்தால் 'தெரியாது' என்ற வாதத்தை நம்பாமல் வேறு வழி தேடுங்கள்.

நான்காவது, உங்கள் புகார் தொடர்ச்சியான துன்புறுத்தல் பற்றியதா? 2002-ல் மோர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: பகையான பணிச்சூழல் என்ற புகாரில் ஒரு சம்பவமாவது கெடுவுக்குள் இருந்தால், அதோடு சேர்ந்த பழைய சம்பவங்களையும் கணக்கில் எடுக்கலாம். பதவி உயர்வு மறுப்பு, இடமாற்றம், வேலைநீக்கம் போன்ற தனிச் செயல்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 45 நாள். சம்பளப் பாகுபாடு மட்டும் விதிவிலக்கு: 2009-ம் ஆண்டு லில்லி லெட்பெட்டர் சட்டத்துக்குப் பிறகு, பாகுபாடான முடிவின்படி குறைத்துக் கொடுக்கப்படும் ஒவ்வொரு சம்பளமும் புதிய கெடுவைத் தொடங்கிவைக்கும்.

'கோரிக்கையை முன்வைக்கத் தவறியது' என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால்?

நீங்கள் சொல்வதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அது சட்டம் தீர்க்கக்கூடிய பிரச்சினை இல்லை என்று அர்த்தம். இந்தக் காரணத்தைத் துறைகள் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. மேல்முறையீட்டில் திருப்பி அடிக்க நல்ல இடமும் இதுதான் என்பது என் கருத்து.

அளவுகோல் இரண்டு. தனிச் செயல் என்றால், உங்கள் வேலையின் நிபந்தனையிலோ சலுகையிலோ ஏதாவது பாதிப்பு ஏற்பட்டதா என்று பார்ப்பார்கள். 1994-ல் விமானப்படைக்கு எதிரான தியாஸ் முடிவிலிருந்து ஆணையம் சொல்லிவருவது இது. 2024-ல் மல்ட்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம், இடமாற்றத்தால் 'ஓரளவு' பாதிப்பு இருந்தால் போதும், அது பெரிய பாதிப்பாக இருக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. உங்கள் கடிதம் 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்று சொன்னால் மல்ட்ரோவைக் கட்டாயம் சுட்டிக்காட்டுங்கள்.

துன்புறுத்தல் என்றால், நடந்தவை கடுமையானவையா அல்லது பரவலாக, அடிக்கடி நடந்தவையா என்று மொத்தமாகப் பார்க்க வேண்டும். இங்கேதான் துறைகள் செய்யும் வேலை ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் ஒன்பது மாதத் துன்புறுத்தலை ஒரே புகாராக எழுதியிருப்பீர்கள். கடிதத்தில் அது அ, ஆ, இ, ஈ என்று துண்டுதுண்டாக வந்திருக்கும். கூட்டத்தில் கத்தியது: ஒரு சம்பவம், பாதிப்பு இல்லை, தள்ளுபடி. விடுப்பு மறுத்தது: பிறகு கொடுத்துவிட்டோம், தள்ளுபடி. உச்சரிப்பைக் கிண்டல் செய்தது: ஒரு வார்த்தைதானே, தள்ளுபடி. இப்படிப் பிரித்தால் எந்தத் துன்புறுத்தலும் ஒன்றுமில்லாமல் போய்விடும். ஆணையத்தின் எம்.டி.-110 வழிகாட்டி, புகாரைத் துண்டாக்கக் கூடாது என்று சொல்கிறது. உங்கள் அறிக்கையில் சம்பவங்களைத் தேதி வாரியாக ஒரே இழையில் கோத்து, அதே மேலதிகாரி, அதே காலம், அதே காரணம் என்று காட்டுங்கள்.

பழிவாங்கல் என்றால் வாசல் இன்னும் அகலம். நியாயமான ஊழியர் ஒருவரைப் புகார் செய்யவிடாமல் பயமுறுத்தக்கூடிய செயலாக இருந்தால் போதும்.

இதே காரணத்தின் கீழ் வரும் இன்னொரு வகை: தொழிலாளர் இழப்பீட்டு அலுவலகம் உங்கள் மனுவை மறுத்தது, தொழிற்சங்க முறையீட்டை நடத்திய விதம் சரியில்லை என்பதற்காகக் கொடுத்த புகார். வேறொரு அமைப்பின் நடவடிக்கையை ஈ.ஈ.ஓ. வழியாகத் தாக்க முடியாது. இந்தத் தள்ளுபடியை உடைப்பது கஷ்டம்.

என் மேலதிகாரியும் இந்தியர்தான். சாதியை வைத்து ஒதுக்குகிறார் என்று எழுதினேன். அது செல்லுமா?

இனம், நிறம், மதம், பால், பூர்வீக நாடு, 40 அல்லது அதற்கு மேற்பட்ட வயது, மாற்றுத்திறன், மரபணுத் தகவல், முன்பு புகார் செய்ததற்கான பழிவாங்கல்: ஃபெடரல் சட்டங்களில் உள்ள அடிப்படைகள் இவை. சாதி என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. சியாட்டில் நகரம் 2023-ல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அது நகரச் சட்டம், ஃபெடரல் துறைப் புகாரில் உதவாது. ஆகவே 'சாதி' என்று மட்டும் எழுதினால், பட்டியலில் இல்லாத அடிப்படை என்று துறை தள்ள வசதியாகிவிடும். உங்கள் விஷயத்தில் அது வம்சாவளியோடோ, நிறத்தோடோ, மதத்தோடோ எப்படிப் பின்னிக்கிடக்கிறது என்பதை உண்மை இருக்கும் அளவுக்கு விளக்கி எழுத வேண்டும். மேலதிகாரியும் அதே நாட்டுக்காரர் என்பது மட்டும் புகாரைக் கொன்றுவிடாது. உச்சரிப்பை வைத்து ஒதுக்குவது பூர்வீக நாட்டின் கீழ் வரும்.

வேறு என்ன காரணங்கள் வரும்?

'இது வெறும் உத்தேச நடவடிக்கை' என்பது ஒன்று. பணிநீக்க உத்தேசக் கடிதம் மட்டும் வந்திருந்தால் தள்ளுவார்கள். பிறகு அந்த நடவடிக்கை உண்மையாகவே எடுக்கப்பட்டிருந்தால், அல்லது அந்தக் கடிதமே துன்புறுத்தல் தொடரின் ஒரு பகுதி என்றால், அதை எடுத்துச் சொல்லுங்கள்.

'பிரச்சினை தீர்ந்துவிட்டது' என்பது இன்னொன்று. தீர்ந்தது என்றால் மறுபடி நடக்காது என்ற நிலையும், நடந்ததன் விளைவுகள் முழுசாகத் துடைக்கப்பட்ட நிலையும் வேண்டும். நீங்கள் இழப்பீடு கேட்டிருந்தால், அதைப் பற்றிப் பேசாமல் 'தீர்ந்தது' என்று மூட முடியாது.

தொழிற்சங்க முறையீடு முன்பே போட்டிருந்தீர்களா? அந்த ஒப்பந்தத்தில் பாகுபாட்டையும் எழுப்ப இடம் இருந்தால், முதலில் எழுத்தில் எதைப் போட்டீர்களோ அதுவே உங்கள் தேர்வு. தபால் துறை ஊழியர்களுக்கு இந்தத் தடை பொதுவாகக் கிடையாது.

சில பகுதிகளை மட்டும் தள்ளுபடி செய்து, மீதியை விசாரணைக்கு எடுத்திருக்கிறார்கள். உடனே மேல்முறையீடு செய்யலாமா?

முடியாது. மீதிப் புகார் விசாரணை முடிந்து நீங்கள் ஹியரிங் (ஆணையத்தின் நிர்வாக நீதிபதி முன் வாதம்) கேட்டால், அந்த நீதிபதி இந்தத் தள்ளுபடியையும் மறுபரிசீலனை செய்வார். அவரிடம் மறக்காமல் எழுப்புங்கள். ஹியரிங் கேட்கவில்லை என்றால் இறுதி முடிவுக்குப் பிறகு சேர்த்து மேல்முறையீடு.

அறிக்கையில் என்ன எழுத வேண்டும்?

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஆனால் வடிவம் புரிய ஒரு கற்பனை உதாரணத்தைத் தமிழில் தருகிறேன்:

'காலதாமதம் என்று துறை என் புகாரைத் தள்ளியது. மார்ச் 3-ல் பதவி உயர்வு மறுக்கப்பட்டதைத் தொடக்க நாளாக எடுத்துக்கொண்டது. யார் தேர்வானார் என்பதும் அவருக்கு விளம்பரத்தில் கேட்ட சான்றிதழ் இல்லை என்பதும் ஏப்ரல் 14-ல்தான் எனக்குத் தெரிந்தது. அந்த மின்னஞ்சல் கோப்பில் உள்ளது. மே 9-ல் ஈ.ஈ.ஓ. அலுவலகத்தைத் தொடர்புகொண்டேன். அது 25-வது நாள். ஆகவே தள்ளுபடியை ரத்து செய்து, விசாரணைக்குத் திருப்பி அனுப்பக் கோருகிறேன்.'

அவ்வளவுதான். துறை சொன்னது, அது எங்கே தவறு, அதற்கு ஆதாரம் கோப்பில் எங்கே, எனக்கு என்ன வேண்டும். ஐந்து பக்கம் போதும். கடிதத்தில் இரண்டு காரணங்கள் இருந்தால் இரண்டுக்கும் பதில் எழுதுங்கள். ஒன்று நின்றாலும் தள்ளுபடி நிற்கும்.

புதிய ஆதாரத்தை இந்தக் கட்டத்தில் பொதுவாக ஏற்க மாட்டார்கள். முன்பு எவ்வளவு முயன்றும் கிடைத்திருக்காது என்று காட்டினால்தான் ஏற்பார்கள். ஏற்கெனவே ஆலோசகருக்கு அனுப்பியது, புகாரோடு இணைத்தது எல்லாம் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். காணவில்லை என்றால் அதையே எழுதி நகலை இணையுங்கள்.

என்னை வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள். அதற்கும் இதே வழியா?

நிரந்தர ஊழியரின் பணிநீக்கம், 14 நாளுக்கு மேற்பட்ட சஸ்பென்ஷன், பதவியிறக்கம் போன்றவை, ஃபெடரல் ஊழியர்களின் மேல்முறையீடுகளைக் கேட்கும் எம்.எஸ்.பி.பி. என்ற வாரியத்துக்கும் போகக்கூடியவை. பாகுபாடும் சேர்ந்தால் 'கலப்பு வழக்கு'. அங்கே விதிகளும் கெடுக்களும் வேறு. உங்கள் கடிதம் எந்த இடத்துக்குப் போகச் சொல்கிறதோ அங்கேதான் போக வேண்டும். தவறான வாசலில் தட்டி நாளை இழந்தவர்கள் உண்டு. தகுதிகாண் காலத்தில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் எம்.எஸ்.பி.பி. உரிமை இருக்காது என்பதால், அவர்களுக்கு ஈ.ஈ.ஓ. வழிதான் மிஞ்சும்.

ஜெயித்தால் என்ன கிடைக்கும்? எவ்வளவு நாளாகும்?

ஜெயித்தால் பணமோ பதவியோ கிடைக்காது. விசாரணைதான் கிடைக்கும். தள்ளுபடியை ரத்து செய்து, விசாரணையை நடத்துமாறு துறைக்கு உத்தரவு போகும். விசாரணைக் கோப்பை உங்களிடம் கொடுக்க வழக்கமாக 150 நாள் கெடு வைப்பார்கள். அப்புறம் நீங்கள் ஹியரிங் கேட்கலாம்.

முடிவு வர மாதங்கள் ஆகும். தாக்கல் செய்து 180 நாளாகியும் முடிவு வரவில்லை என்றால் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் வழக்குப் போட்டதும் ஆணையத்தில் உங்கள் மேல்முறையீடு மூடப்படும்.

தோற்றால்?

இரண்டு வழி. முடிவு கிடைத்த 30 நாளுக்குள் ஆணையத்திடமே மறுபரிசீலனை கேட்கலாம். உண்மையிலோ சட்டத்திலோ தெளிவான தவறு, அல்லது துறையின் கொள்கைகள், நடைமுறைகள் மீது பெரிய தாக்கம் என்று காட்ட வேண்டும். முதலில் சொன்னதையே மறுபடி சொன்னால் எடுபடாது. அல்லது 90 நாளுக்குள் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. வழக்கில் எதிர்த்தரப்பாகத் துறைத் தலைவரின் பெயரையும் பதவியையும் போட வேண்டும். மேலதிகாரியின் பெயரைப் போட்டால் வழக்கு தள்ளுபடியாகலாம்.

என் பெயர் வெளியே தெரியுமா?

ஆணையம் வெளியிடும் முடிவில் உங்கள் பெயருக்குப் பதில் ஒரு புனைபெயர் இருக்கும். நீதிமன்றத்துக்குப் போனால் அந்த மறைப்பு இல்லை.

வழக்கறிஞர் கட்டாயமா?

இல்லை. தள்ளுபடிக் காரணம் ஒன்றே ஒன்று, அதுவும் தேதிக் கணக்கு என்றால் நீங்களே எழுதலாம். கலப்பு வழக்கு, மாற்றுத்திறன் வசதி மறுப்பு, பல காரணங்கள் சேர்ந்தது என்றால் ஃபெடரல் ஊழியர் வழக்குகளை மட்டும் பார்ப்பவரிடம் ஒரு மணி நேர ஆலோசனையாவது பெறுங்கள். குடியேற்ற வழக்கறிஞர் நண்பரிடம் கேட்பது இதற்கு உதவாது.

மேல்முறையீடு செய்தது தெரிந்ததிலிருந்து மேலதிகாரி இன்னும் மோசமாக நடக்கிறார். இதை அதே மேல்முறையீட்டில் சேர்க்கலாமா?

சேர்க்க முடியாது. அது புதிய பழிவாங்கல் விஷயம். அதற்குப் புதிதாக 45 நாள் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆணையத்தின் முடிவுக்குக் காத்திருக்காமல் ஈ.ஈ.ஓ. அலுவலகத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, முந்தைய புகாரின் எண், புதிய புகார் தொடங்க விரும்புகிறேன் என்ற வரி. இவ்வளவு இருந்தால் போதும்.